புயல் மழை ஏரியைக் கழுவிவிடுமா?

நம்பிக்கை: பெருமழை பெய்தால் ஏரி சுத்தமாகிவிடும், வெள்ளத்தோடு அழுக்கும் போய்விடும்.

உண்மை: ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில், புதுச்சேரியின் மூலக்குளம் பகுதிக்கு மேற்கே இருக்கும் ஊசுட்டேரியின் நீரை ஒரு லிட்டர் எடுத்துச் சோதித்தால் நைட்ரஜன் முன்பைவிடக் குறைவாகவே தெரியலாம். மேற்சொன்ன நம்பிக்கையில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் ஏரியின் நலனைத் தீர்மானிப்பதில் அடர்த்தியைவிட, உள்ளே வந்து சேர்ந்த மொத்த அளவுக்கே பங்கு அதிகம். வாய்க்கால் நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாக இருந்தது 1 ஆகக் குறைந்து, நீர்வரத்து பத்து மடங்கானால், ஏரிக்குள் சேரும் நைட்ரஜன் இரண்டரை மடங்காகிறது.

இடி மின்னலும் நைட்ரஜனைத் தருகிறதே என்பார்கள். தருகிறது, ஆனால் வயலும் சாக்கடையும் அனுப்புவதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். வடகிழக்குப் பருவமழையும் சம்பாவுக்கு மேலுரம் இடும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. யூரியாவின் எடையில் 46 சதவீதம் நைட்ரஜன். அதிலிருந்து உருவாகும் நைட்ரேட் மண்ணில் ஒட்டாமல் நீரோடு ஓடுகிறது. அம்மோனியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு வண்டலாக வருகிறது. நிரம்பி வழியும் கழிவுநீர்த் தொட்டிகளும் மாட்டுச் சாணமும் இவற்றோடு சேர்கின்றன.

வந்ததெல்லாம் கலங்கல் வழியே வெளியேறிவிடாதா? கரைந்திருக்கும் நைட்ரேட்டில் ஒரு பகுதி வெளியேறும். ஆனால் அது ஆற்றுக்கும் கடலுக்கும் இடம் மாறுகிறதே தவிர அழிவதில்லை. நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விடுபவை ஏரியடிச் சேற்றில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு நாட்கள் வேண்டும். வெள்ளமோ நீரை அவ்வளவு நேரம் தங்கவிடாது. வண்டலோ அடியில் தங்கி, வெயில் காலத்தில் அம்மோனியத்தை மெல்லக் கசியவிடுகிறது. பாஸ்பரஸும் இருந்தால் பாசி பெருகும், ஆகாயத்தாமரை படரும். மழைக்கும் இந்தப் பச்சைக்கும் இடையே மாதங்கள் ஓடிவிடுவதால், நாம் பழியைக் கோடையின் மேல் போடுகிறோம்.

எனவே வெள்ளம் வடிந்த பிறகு தெளிந்த நீரைப் பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை. புயல் நாட்களிலேயே வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்தில் நீரோட்டத்தையும் நைட்ரஜனையும் சேர்த்து அளக்க வேண்டும். வானிலை எச்சரிக்கை வந்தால் யூரியா இடுவதைத் தள்ளிப்போடுவதும், கழிவுநீர்த் தொட்டிகளை அக்டோபருக்கு முன்பே காலி செய்வதும் மழைக்குப் பிந்தைய எந்தத் தூர்வாரலையும்விட மலிவானவை.