புரதத்தை எவ்வளவு பொடியாக்க வேண்டும்?

நம்பிக்கை: தனித்தனி அமினோ அமிலமாக உடைந்தால்தான் குடல் புரதத்தை உறிஞ்சும்.

உண்மை: பாடப்புத்தகங்களே நெடுங்காலம் இப்படித்தான் சொல்லித்தந்தன. அதை அசைத்தது, 1956இல் லண்டன் மருத்துவர்கள் விவரித்த ஹார்ட்னப் என்ற பரம்பரை நோய். இந்த நோயாளிகளின் குடல், தனியாக வரும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைச் சரியாக உறிஞ்சாது. அதே டிரிப்டோபன் இன்னோர் அமினோ அமிலத்தோடு இணைந்து வந்தால் உறிஞ்சிக்கொள்கிறது! அப்படியானால் இணைகளுக்கென்று வேறு வாசல் இருந்தாக வேண்டும். அதன் மரபணு 1994இல் பிடிபட்டது. பெப்-டி-1 என்று பெயர். இரண்டோ மூன்றோ அமினோ அமிலங்கள் கோத்த துணுக்கை அது உள்ளே விடும். நான்கு கோத்ததை விடாது. செஃபலெக்சின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் வடிவத்தில் இத்துணுக்கை ஒத்திருப்பதால் அவையும் இவ்வழியே நுழைகின்றன. நுழைந்த துணுக்குகளில் பெரும்பாலானவை குடல் செல்லுக்குள்ளேயே அறுபட்டு, தனி அமினோ அமிலங்களாக ரத்தத்தில் கலக்கின்றன.

நம்பிக்கை: '2000 டால்டன்' கொலாஜன் பவுடர் நேராகத் தோலுக்குப் போகும்.

உண்மை: 2000 டால்டன் என்றால் ஏறத்தாழ இருபது அமினோ அமிலங்கள். மூன்றுக்கு மேல் விடாத வாசலில் அது நுழையாது. கணைய நொதிகளும் குடல் சுவர் நொதிகளும் மேலும் அறுத்தே தீரும். புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் சேர்ந்த சில இணைகள் அறுபடாமல் ரத்தத்தில் தென்படுவது உண்மைதான். ஆனால் ரத்தம் முகத்துக்கு மட்டும் ஓடுவதில்லை. கொலாஜனில் டிரிப்டோபன் அறவே கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பவுடரை நம்பிப் பருப்பையும் முட்டையையும் குறைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நம்பிக்கை: முன்கூட்டியே உடைத்த புரதம் உடலில் கூடுதலாகச் சேரும்.

உண்மை: வேகமாகச் சேரும், அவ்வளவுதான். பால் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நலமான குடல் தானே எடுத்துக்கொள்கிறது. பசும்பால் ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைகளின் கதை வேறு: பெரிய துணுக்கை அவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டுவிடும் என்பதால், நன்கு உடைத்த புரதமுள்ள பால்மாவை மருத்துவர் எழுதித் தருவார்.

மற்றவர்களுக்கு அடுப்பே போதும். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதமும், பச்சை முட்டையில் 51 சதவீதமுமே செரிப்பதாக 1998இல் பெல்ஜியத்தில் நடந்த ஆய்வு காட்டியது. சூட்டில் புரதத்தின் மடிப்புகள் அவிழ்வதால் நொதிகளுக்கு வேலை எளிதாகிறது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டை கொடுக்கும் வீடுகளில் இனி அதை வேகவைத்தே கொடுங்கள்.