சனிக்கிழமை மதியம் தொட்டியில் ஒரு கோடு

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு மணி அடித்தபோது, மகளை அழைத்துப்போக வாசலில் நின்றிருந்தார் இதை எழுதுகிறவர். ஓடிவந்த பிள்ளைகளில் பாதிப் பேர் போகிற போக்கில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். பை கனமாம். கூட்டம் கலைந்த பிறகுதான் இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. கை கழுவும் இடத்தில் இரண்டு குழாய்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

‘சோம்வார் கோ தேகேங்கே’ என்றார் காவலாளி. திங்கட்கிழமை பார்ப்பார்களாம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார் எழுதுகிறவர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400. நான்கு சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் 21 லிட்டருக்கு மேல். திங்கள் காலைக்குள் அந்த இரண்டு குழாய்களும் சுமார் 75 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கும். மே விடுமுறையில் ஒரு மாதம் இப்படியே விட்டால் ஒரு குழாய்க்கு மட்டும் 650 லிட்டர். தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும் மாதமும் அதுதான். மும்பைக்கு மிக அதிகத் தண்ணீர் தரும் பாட்சா அணை இருக்கிற ஷஹாப்பூர் தாலுகாவிலேயே, கோடை வந்தால் பல கிராமங்களுக்கு டேங்கர் ஓடுகிறது.

அப்போது நினைவுக்கு வந்தவர் மீரா ரோட்டின் ஆபித் சுர்தி. 1935இல் பிறந்த எழுத்தாளர், ‘டப்பூஜி’ கார்ட்டூனையும் ‘பகதூர்’ காமிக்ஸையும் படைத்தவர். மும்பையின் டோங்ரியில் கழிந்த சிறுவயதில், ஒரு வாளித் தண்ணீருக்காக அம்மா விடியுமுன் வரிசையில் நின்றதை அவர் மறக்கவில்லை. நண்பர் வீட்டில் ஒரு குழாய் சொட்டியது அவரை உறுத்தியது. இத்தனை சின்ன வேலைக்கு எந்த பிளம்பரும் வரமாட்டார் என்பதுதான் சிக்கல் என்று கண்டுகொண்டார். 2007இல் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பிளம்பரோடும் ஒரு பெண் தன்னார்வலரோடும் வீடு வீடாகப் போய், இலவசமாக வாஷர் மாற்றத் தொடங்கினார். முதல் ஆண்டில் 1,666 வீடுகள், 414 குழாய்கள்.

பள்ளிக்கும் இதே வைத்தியம்தான் வேண்டும். வீட்டில் குழாய் சொட்டினால் தூக்கம் கெடும், யாராவது எழுந்து மூடுவார்கள். பள்ளியில் இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆளில்லை. சுவரில் ‘நீரின்றி அமையாது உலகு’ எழுதுவதைவிட, மாதத்தில் ஒரு சனிக்கிழமையை பிளம்பருக்கு ஒதுக்குவது மேல்.

கசிவு இருக்கிறதா என்று அறிய மீட்டர்கூட வேண்டாம். சனி மதியம் மேல்தொட்டிக்கு வரும் நீரை அடைத்துவிட்டு, நீர்மட்டத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. திங்கள் காலை, பள்ளி திறக்குமுன், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் போதும். தொட்டிமேல் ஏறுவது பெரியவர் வேலை. அளவைக் கரும்பலகையில் எழுதுவது பிள்ளைகள் வேலை. கழிவறையில் ஃப்ளஷ் தொட்டிக்குள் கொஞ்சம் வண்ணம் கரைத்துவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்கலாம். யாரும் அழுத்தாமலே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே ஒழுகுகிறது. பழைய பெரிய தொட்டி என்றால் நீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வேண்டாம், கரைந்து வால்வைக் கெடுக்கும். வாசலில் ஒரு டிரம் வைத்தால், வீடு திரும்பும் பிள்ளைகள் கவிழ்க்கும் பாட்டில் தண்ணீர் செடிக்குப் போகும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. கழிவறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் பல பள்ளிகளில் உண்டு. கேரளப் பள்ளிகள் 2019இல் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடித்தது காரணமில்லாமல் அல்ல. பகல்நேரப் பள்ளிக்கு மாணவர் ஒருவருக்கு நாளுக்கு 45 லிட்டர் என்கிறது இந்தியத் தர அளவு. ஆயிரம் பேர் படித்தால் பத்தாயிரம் லிட்டர் டேங்கர் நாலரை. இதில் குடிக்கிற பங்கு மிகச் சிறியது. அதில் கை வைக்கிறவர்களை என்ன சொல்வது!

அந்த இரண்டு குழாய்களையும் அடுத்த சனிக்கிழமை பெற்றோர் நாலு பேர் சேர்ந்து பிளம்பரை அழைத்துவந்து பார்த்தார்கள். ஒன்றுக்கு வாஷர் போதுமானதாக இருந்தது. இன்னொன்றில் மரை தேய்ந்துபோயிருந்ததால் குழாயையே மாற்ற வேண்டியதாயிற்று.