வீட்டுப் பணிமனை: கருவியை எடுக்கும் முன் அறிய வேண்டியவை

வீட்டின் பின்புறக் கொட்டிலிலோ கார் நிறுத்தும் அறையிலோ சிறு பணிமனை அமைத்து, தச்சு வேலைகளையும் பழுதுபார்ப்பு வேலைகளையும் தாமே செய்துகொள்ளும் குடியிருப்பாளர்கள் பலர். வாளும் உளியும் விரலை வெட்டும் என்பதை எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத தூசு, பழுதான கம்பியில் ஓடும் மின்சாரம், எண்ணெய்த் துணியில் மெல்ல எழும் வெப்பம் ஆகியவை வெளியே தெரியாமலே உயிருக்குத் தீங்கு விளைவிக்கக் கூடியவை. விக்டோரியா மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் சில கேள்விகளும் விடைகளும் கீழே தரப்படுகின்றன.

1. பழைய வீட்டுச் சுவரில் துளையிடலாமா?

முதலில் வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதை அறிந்துகொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டதாயின், அதில் அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நார் கலந்த பொருட்கள் இருக்கக்கூடும். வெளிச்சுவர்த் தகடுகள், குளியலறைச் சுவர்கள், கூரை விளிம்பின் அடித்தகடுகள், வேலிகள், பழைய வினைல் தரையின் அடிப்பகுதி, மின்மானிப் பலகை ஆகியவற்றில் அது காணப்படுவதுண்டு. அவுஸ்திரேலியாவில் கல்நாரின் பயன்பாடு 2003 டிசம்பர் 31 முதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

இலங்கையிலும் இந்தியாவிலும் கல்நார்க் கூரைத் தகடுகளை இன்றும் காணலாம். அவற்றின் கீழ் வளர்ந்த நம்மில் பலருக்கு அது அஞ்சத்தக்க பொருளாகத் தோன்றுவதில்லை. சேதமின்றி, தொடப்படாமல் இருக்கும் தகட்டினால் ஆபத்து குறைவே. ஆனால் அதனை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உரசும்போதும் நுண்ணிய இழைகள் காற்றில் கலக்கின்றன. நுரையீரலுக்குள் சென்ற இழைகளால் ஏற்படும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். இன்று இருமல் இல்லை என்பதால் தீங்கு நேரவில்லை என்று கொள்ள முடியாது.

கண்ணால் பார்த்துக் கல்நாரை உறுதிசெய்ய இயலாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தின் பரிசோதனையே அதனை உறுதிப்படுத்தும். ஐயம் இருப்பின், கல்நார் உள்ளது என்றே கருதி வேலையை நிறுத்துங்கள். அகற்றும் பணியை உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். உடைந்த துண்டுகளை வீட்டுக் குப்பைத் தொட்டியில் இடக்கூடாது. சாதாரண தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்யவும் கூடாது.

2. பழைய வண்ணப்பூச்சை உப்புத்தாளால் தேய்க்கலாமா?

1970ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வண்ணப்பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ வெப்பக்காற்றுக் கருவியால் சுட்டாலோ ஈயம் காற்றில் பரவும். தவழும் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது பெரும் கேடு. முதலில் பரிசோதனை செய்யுங்கள். ஈயம் இருப்பின் தகுந்த பயிற்சி பெற்றவரை நாடுங்கள்.

3. எந்த முகக்கவசம் ஏற்றது?

மரத்தூசுக்கும் 'பி2' வகைக் கவசமே பொருத்தமானது. துணிக் கவசமும் மருத்துவமனைகளில் அணியும் மெல்லிய கவசமும் நுண்தூசைத் தடுப்பதில்லை. தாடி இருப்பின் கவசம் முகத்தோடு ஒட்டாது. இடைவெளி வழியாகத் தூசு உட்புகும்.

4. ஊரிலிருந்து கொண்டுவந்த மின்கருவியை இங்கு பயன்படுத்தலாமா?

இலங்கை, இந்தியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளிலும் மின்னழுத்தம் 230 வோல்ட். எனினும், அழுத்தம் பொருந்துவதால் மட்டும் கருவி பாதுகாப்பானதாகிவிடாது. பிளக்கின் அமைப்பு வேறு. நிலத்தொடுப்புக் கம்பி சரியாக உள்ளதா என்பதும் தெரியாது. உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டிய பின்னரே பயன்படுத்துங்கள். வட அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் கருவியை நேரடியாக இணைத்தால் அது எரிந்துபோகும்.

பணிமனைக்குப் புதிய மின்இணைப்பு அமைப்பதையோ சுவர்ச் சுவிட்சை மாற்றுவதையோ தாமே செய்வது சட்டவிரோதம். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் உங்கள் மின்பலகையில் உள்ளதா என்று பாருங்கள். அதன் சோதனைப் பொத்தானை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திச் சரிபாருங்கள். நீட்டிப்புக் கம்பியைச் சுருளாக வைத்துப் பயன்படுத்தினால் சூடேறும். முழுவதும் விரித்த பின்னரே கருவியை இணையுங்கள்.

5. தீ எவ்வாறு மூள்கிறது?

மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால், வெப்பம் வெளியேற வழியின்றி நெருப்பின்றியே அவை தாமாகத் தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியில் தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள்; அல்லது நீரில் நனைத்து மூடியுள்ள உலோகக் கலத்தில் இடுங்கள்.

கம்பியில்லாக் கருவிகளின் லித்தியம் மின்கலங்களை அவற்றுக்குரிய மின்னேற்றியால் மட்டுமே மின்னேற்றுங்கள். உறங்கும் வேளையிலும், வெளியேறும் வழியருகிலும் மின்னேற்ற வேண்டாம். வீங்கிய மின்கலத்தை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்குங்கள்.

6. எந்த நேரத்தில் வேலை செய்யலாம்?

விக்டோரியாவில் வார நாட்களில் காலை 7 மணிக்கு முன்னரும், வார இறுதியிலும் பொது விடுமுறை நாட்களிலும் காலை 9 மணிக்கு முன்னரும் மின்கருவிகளின் ஓசை அயலவருக்குக் கேட்கக்கூடாது. எல்லா நாட்களிலும் இரவு 8 மணிக்குப் பின்னரும் இது பொருந்தும்.

7. மீந்தவற்றை எங்கே சேர்ப்பது?

எந்தவொரு மின்கலத்தையும் வீட்டுக் குப்பைத் தொட்டிகளில் இட வேண்டாம். குப்பை ஏற்றும் வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மின்கலச் சேகரிப்பு இடங்களில் ஒப்படையுங்கள். மீந்த வண்ணப்பூச்சை 'பெயின்ட்பேக்' நிலையங்கள் கட்டணமின்றி ஏற்கின்றன. ஒவ்வொரு கலனும் 20 லீட்டருக்கு மேற்படாமல், ஒரு தடவைக்கு 100 லீட்டர் வரை கொண்டுசெல்லலாம். வண்ணப்பூச்சையும் கரைப்பான்களையும் வடிகாலில் ஊற்றக்கூடாது.

வேலையைத் தொடங்குமுன் உங்களையே கேளுங்கள்

• இந்த வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது?
• நான் அறுக்கப்போகும் பொருள் எது என்று எனக்கு உறுதியாகத் தெரியுமா?
• கருவியின் கம்பியும் பிளக்கும் சேதமின்றி உள்ளனவா?
• கண்ணாடி, காதுக்காப்பு, பி2 கவசம் கைவசம் உள்ளனவா?
• குழந்தைகள் தொலைவில் உள்ளனரா?

ஒரு கேள்விக்கேனும் தெளிவான விடை இல்லையெனில் வேலையைத் தள்ளிவையுங்கள்.

உதவி தேவைப்படின்

உயிராபத்து அல்லது தீ: 000. நச்சுப் பொருள் தொடர்பான ஆலோசனை: 13 11 26. தமிழ் உரைபெயர்ப்பாளர் வழியாக நகராட்சியுடன் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணை அழைத்து, 'தமிழ்' என்று கூறி, நகராட்சியின் தொலைபேசி எண்ணைத் தெரிவிக்கவும்.