பைபர் படகுக்கு ரெசின் கலக்கும்போது

உச்சமுனையில் போட்டின் அடியில் வெடிப்பு விழுந்தால், கற்பிட்டிக்குக் கொண்டுபோவதும் கடல்வழிதான். அதனால் சின்னப் பழுதுகளை வாடியோரத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். ஒட்டியது அடுத்த சோளகத்துக்குள் பெயர்ந்து வந்தால், ரெசின் மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொல்லுமுன் கலந்த விதத்தைப் பாருங்கள்.

1. ஹார்ட்னரை மூடியாலோ கண்ணளவாலோ ஊற்றாதீர்கள். மருந்துக் கடையில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டுப் பாவியுங்கள். சாதாரண பொலியெஸ்டர் ரெசினுக்கு எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும். ஹார்ட்னர் தண்ணீரைவிடக் கனமானது. 1 கிலோ ரெசினுக்கு 1 சதவீதம் என்றால் 10 கிராம், சிரிஞ்சில் ஏறக்குறைய 9 மில்லி. அளவு குறைந்தால் எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் உள்ளே பிசுபிசுப்பு போகாது. கூடினால் சூடேறி, மொறுமொறுவென்று வெடிக்கும். நாளைக்கே கடலுக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு மடங்கு ஊற்றுவதுதான் நான் மிகவும் அஞ்சும் பழக்கம்.

2. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். தனியாகத் தந்தால், அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாக ஒன்றுசேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்ச், ஒரே கோப்பை கூடவே கூடாது. போத்தல்களையும் தள்ளித் தள்ளி, நிழலில் வையுங்கள்.

3. உச்சி வெயிலில் கலக்காதீர்கள். பனி காய்ந்த பிறகு காலையில், கிடுகு நிழலில் வேலை செய்தால் கைக்கு நேரம் கிடைக்கும். வெக்கை கூடிய நாளில் 1 சதவீதத்தை ஒட்டியே நில்லுங்கள். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

4. புட்டிக்கு, பொடியை முதலில் ரெசினில் குழைத்துக்கொண்டு ஹார்ட்னரைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. பொடி குழைக்கவே பத்து நிமிடம் போய்விடும். ஹார்ட்னர் முதலில் விழுந்திருந்தால் பூசுமுன்னே இறுகத் தொடங்கிவிடும். டால்க் பவுடர் வழவழப்பாகத் தேய்க்க உதவும். செங்குத்தான பக்கத்தில் வழியாமல் நிற்க சிலிக்கா பவுடர் வேண்டும். குச்சியில் எடுத்து நிமிர்த்திப் பிடித்தால் புட்டி சரியாமல் நிற்கவேண்டும், அதுதான் பதம். பிறகு ஹார்ட்னரை விட்டு, பேசினின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழ் ஏறும். அடியில் தப்பிய ஒரு கரண்டி அளவுதான் பிறகு பச்சையாக நிற்கும். கடற்கரை மணலையும் சீமெந்தையும் பொடியாகப் போடாதீர்கள். ஈரமும் உப்பும் கூடவே போகும். புட்டி பள்ளத்தை நிரப்புமே தவிர பலம் தராது. பலம் பைபர் மெட்டில்தான் இருக்கிறது. எஞ்சின் பூட்டும் பின்பலகையில் வெறும் புட்டியை நம்பிக் கடலுக்குப் போகவே போகாதீர்கள்.

5. எபொக்சி என்றால் முறை வேறு. ரெசினையும் அதன் ஹார்ட்னரையும் டின்னில் போட்ட அளவுப்படியே முதலில் கலந்து, பிறகு பொடி. வேகம் வேண்டுமென்று அளவை மாற்றமுடியாது. எபொக்சிக்கு மேல் பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. ஒட்டும் இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்டு, கிரைண்டரால் சரிவாகத் தேயுங்கள். அடிப்பலகை 5 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் சரிவு 60 மில்லிமீட்டர் வரை நீளட்டும். அசிட்டோன் துடைப்பதற்கு மட்டும். ரெசின் கெட்டியாக இருக்கிறதென்று அதையோ பெற்றோலையோ ஊற்றி இளக்காதீர்கள்.

7. மிஞ்சிய கலவையைக் கோப்பையில் திரட்டி வைத்தால் புகையும் அளவுக்குச் சூடேறும். வெறும் மணலில் மெல்லியதாகப் பரத்தி, இறுகி ஆறிய பின் அள்ளிப் போடுங்கள்.

8. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். போத்தலைத் திறக்குமுன் ஒரு கான் நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தெறித்துவிட்டால் இமையை விரித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவவேண்டும். கழுவி முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போட்டைத் தள்ளவேண்டும்.