மூன்று எலெக்ட்ரானும் நூலிழை இடைவெளியும்

கேள்வி: கரிம மூலக்கூறுகளால் ஆன, மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் மீக்கடத்திகளில் வேதிச் சேர்மானத்தை மாற்றி மின் பண்புகளைக் கட்டுப்படுத்த முடியுமா?

பதில்: முடியும். செம்பு போன்ற உலோகத்தில் அணுக்கள் நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன. மூலக்கூறுப் படிகத்திலோ ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனி. பக்கத்து மூலக்கூறை லேசாகத் தொட்டபடி நிற்கும். மின்சாரம் பாய வேண்டுமானால் எலெக்ட்ரான் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவியாக வேண்டும். ஆகவே இரண்டு விஷயங்கள் முடிவு செய்யப்பட வேண்டியவை: தாவுவதற்கு எத்தனை எலெக்ட்ரான்கள் இருக்கின்றன, மூலக்கூறுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது. இரண்டுமே வேதியியலாளரின் கைக்குள் இருப்பவை.

இதைத் தெளிவாகக் காட்டும் பொருள் ஃபுல்லரீன். 60 கார்பன் அணுக்கள் கால்பந்தின் தையல்போல் கோத்து நிற்கும் உருண்டை மூலக்கூறு அது. பழக்கடையில் சாத்துக்குடி அடுக்குவதைப் போல இந்த உருண்டைகள் படிகத்தில் அடுக்கப்படுகின்றன. அப்படி அடுக்கும்போது ஓர் உருண்டைக்கு ஒரு பெரிய பொந்தும் இரண்டு சிறிய பொந்துகளும் கிடைக்கும். தூய ஃபுல்லரீனில் அவை காலி, மின்சாரமும் பாயாது. பொட்டாசியம் ஆவியைச் செலுத்தினால் மூன்று பொந்துகளிலும் ஓரோர் அணு குடியேறி, தலைக்கு ஓர் எலெக்ட்ரானை உருண்டைக்குக் கொடுத்துவிடுகிறது. உருண்டையில் அந்த எலெக்ட்ரான்கள் புகும் ஆற்றல் மட்டத்தில் ஆறு பேருக்கு இடம் உள்ளது. மூன்று வந்தால் பாதி நிறையும். 1991-இல் பெல் ஆய்வகத்தில் இந்தச் சேர்மம் 18 கெல்வினில் மீக்கடத்தியானது.

ஆறு பொட்டாசியம் அணுக்கள் சேர்ந்தால் மட்டம் முழுக்க நிறைந்துவிடும். தாவ இடமில்லாததால் அந்தச் சேர்மம் மின்காப்பான். இதன் நடைமுறை விளைவை எடைத்தட்டில் பார்க்கலாம். 72 மில்லிகிராம் ஃபுல்லரீன் தூளுக்கு 11.7 மில்லிகிராம் பொட்டாசியம் சேர்த்து, காற்று புகாத கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சூடாக்கினால் மீக்கடத்தி. அதே தூளுக்கு 23.5 மில்லிகிராம் சேர்த்தால் காப்பான். கருந்தூள் இரண்டிலும் ஒன்றுதான். மாறியது சிட்டிகைக்கும் குறைவான உலோகம்.

கேள்வி: மூன்று எலெக்ட்ரான்தான் கணக்கு என்றால், பொட்டாசியத்துக்குப் பதிலாக வேறு கார உலோகத்தை வைத்தால் ஏதாவது மாறுமா?

பதில்: மாறும். இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி இதுதான். ருபீடியமும் சீசியமும் பொட்டாசியத்தைப் போலவே ஓர் எலெக்ட்ரானையே தருகின்றன. ஆனால் அவற்றின் அயனிகள் பெரியவை: பொட்டாசியம் அயனியின் ஆரம் 1.38 ஆங்ஸ்ட்ராம், ருபீடியம் 1.52, சீசியம் 1.67. பெரிய அயனி பொந்துக்குள் உட்காரும்போது உருண்டைகள் சற்றே விலகுகின்றன. பொட்டாசியத்தில் 18–19 கெல்வின் அளவில் நின்ற மாறுநிலை வெப்பநிலை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) ருபீடியத்தில் 29-க்கு உயர்கிறது. ஒரு ருபீடியமும் இரண்டு சீசியமும் கலந்த சேர்மத்தில் 33-ஐத் தொடுகிறது. இடைவெளி கூடினால் எலெக்ட்ரான் தாவுவது கடினமாகி, அதன் ஆற்றல் பட்டை குறுகும். குறுகிய பட்டையில் எலெக்ட்ரான் நிலைகள் நெருக்கமாகக் குவிவதால், மீக்கடத்தலுக்குத் தேவையானபடி எலெக்ட்ரான்கள் இணை சேர்வது எளிதாகிறது.

அப்படியானால் மூன்றும் சீசியமாக இருந்தால் இன்னும் உயர வேண்டும். அதைச் செய்து பார்ப்பதே பெரும் பாடாக இருந்தது. சீசியம் 28.5 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் உலோகம். வழக்கம்போல் சூடாக்கினால் கலவை, உருண்டைக்கு ஒரு சீசியம் கொண்ட சேர்மமாகவும் நான்கு சீசியம் கொண்ட சேர்மமாகவும் பிரிந்துபோகும். 2008-இல் ஆய்வாளர்கள் பிராசைடஸ், ரோசென்ஸ்கி குழுவினர் மெத்திலமின் கரைசலில், தாழ்ந்த வெப்பநிலையில் அதை உருவாக்கினர். கிடைத்தது மீக்கடத்தி அல்ல; காந்த ஒழுங்குள்ள காப்பான். உருண்டைகள் விலகியது அதிகமாகிவிட்டதால், எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தத்தம் உருண்டையிலேயே முடங்கிவிட்டன. இதற்கு மாட் காப்பான் என்று பெயர். ஆனால் அதே பொருளை வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 7,000 மடங்கு அழுத்தத்தில் நெருக்கியதும் 38 கெல்வினில் மீக்கடத்துகிறது. மூலக்கூறு மீக்கடத்திகளில் மிக உயர்ந்த மதிப்புகளுள் அது ஒன்று.

அழுத்தும் கருவியால் படிகத்தைச் சுருக்க மட்டுமே முடியும். சேர்மானத்தால் சுருக்கவும் விரிக்கவும் முடிகிறது. 2015-இல் வெளியான ஆய்வில் ருபீடியம்–சீசியம் விகிதத்தைப் படிப்படியாக மாற்றியே, காப்பானிலிருந்து மீக்கடத்திவரை முழுப் பாதையும் சாதாரண அழுத்தத்தில் அளக்கப்பட்டது. மாறுநிலை வெப்பநிலை ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும் குன்று வடிவம் அதில் தெரிகிறது.

கேள்வி: ஃபுல்லரீனுக்கு வெளியே இந்த வழி பொருந்துமா?

பதில்: பொருந்தும். கந்தகம் நிறைந்த பி.இ.டி.டி.–டி.டி.எஃப். என்ற தட்டையான மூலக்கூறின் உப்புகள் நல்ல சான்று. கரைசலில் பிளாட்டினக் கம்பிகளை இறக்கி, மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டத்தை நாட்கணக்கில் செலுத்தினால், நேர்முனையில் கருத்த, பளபளக்கும் படிகங்கள் முளைக்கும். இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் எலெக்ட்ரானை எதிர்மின் அயனிக்குக் கொடுக்கின்றன. மின்சாரம் பாயும் அடுக்கு மூலக்கூறுகளுடையது. அயனி அடுக்கு வெறும் இடைச்சுவர். இருந்தும் அந்தச் சுவரே விதியை எழுதுகிறது. தாமிரமும் டைசயனமைடும் கொண்ட அயனியில் புரோமின் இருந்தால் 11.6 கெல்வினில் மீக்கடத்தி. அதே இடத்தில் குளோரின் இருந்தால் காப்பான். குளோரின் உப்பை ஏறத்தாழ 300 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கினால் அதுவும் 12.8 கெல்வினில் மீக்கடத்தியாகும். புரோமின் உப்பில் மூலக்கூறின் எட்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கும் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் வைத்தாலே போதும், படிகம் காப்பானின் எல்லைக்கு நகர்ந்து, ஒரே துண்டில் இரண்டு நிலைகளும் கலந்து கிடக்கும்.