ஆள் நடமாட்டம் உள்ள தெரு

முடங்கியார் ரோடு,
ராஜபாளையம்.

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ அனுப்பிய வீட்டுப் படங்களைப் பெரியப்பாவும் நானும் பார்த்தோம். புது வீடு, டைல்ஸ் தரை, மேல்மாடி, பல்கலைக்கழக வாசலில் இருந்து ஒன்றரை கிலோமீட்டர். "நடந்தே போயிடலாம் பெரியம்மா" என்று எழுதியிருக்கிறாய். கோயம்புத்தூரில் உட்கார்ந்து மேப்பில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். இதைப் போனில் அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனசில்லை. நிதானமாகப் படி.

உன் அம்மா, "அக்கா வீட்டிலேயே இருந்து போய் வரட்டும்" என்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கலசலிங்கம் பல்கலைக்கழகம் கிருஷ்ணன்கோவிலில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்து கிளம்பினால் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி அடுத்த ஊர். ஆராய்ச்சிப் படிப்புக்கு வருகிறவள் லேபில் இருந்து ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோதான் கிளம்புவாய். அதற்குப் பிறகு பஸ் பிடித்து இங்கே வந்து சேர்ந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம் இருக்கும். தோழியோடு சேர்ந்து தனியாக வீடு எடுத்து, நீயே சமைத்து, உன் சம்பளத்தில் வாடகை கொடுத்துப் பழகுவது உனக்கு நல்லது. அதில் நான் உன் பக்கம்தான். எந்தத் தெருவில் எடுப்பது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

போன வாரம் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். வேண்டுமென்றே சாயங்காலம் போனேன். வீட்டில் குறை ஒன்றும் இல்லை. வழிதான் சரியில்லை. திருமங்கலத்தில் இருந்து கொல்லம் போகிற 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்து, பிறகு பிளாட் போட்டுக் கல் ஊன்றியிருக்கிற இடத்துக்குள் திரும்பவேண்டும். ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓர் ஆள் நடக்கிற அளவுக்குத்தான் மண் இருக்கிறது. அதிலும் ஜல்லி, சீமைக்கருவேல முள். கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரி எதிரே வந்து வெளிச்சம் முகத்தில் அடிக்கும்போது கால் வைக்கிற இடமே தெரியவில்லை. திரும்பின பிறகு இருபது பிளாட்டுக்கு மூன்று வீடு. ஒன்று பூட்டிக் கிடந்தது, ஒன்றுக்கு இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. டீக்கடை, பெட்டிக்கடை எதுவும் கிடையாது. மேற்கே மலை இருப்பதால் இந்தப் பக்கம் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். மார்கழியில் ஆறரைக்கெல்லாம் நல்ல இருட்டு. அந்த ஒன்றரை கிலோமீட்டரை நீ அந்த நேரத்தில்தான் நடக்கவேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகத்தைக் குறை சொல்லவில்லை. நம் மாநிலத்தில் பல இடங்களில் இதே கதைதான். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் திருவல்லிக்கேணி இருக்கிறது. அது ஊருக்குள் எழுந்தது. பின்னால் வந்தவற்றுக்கு நிறைய நிலம் வேண்டியிருந்ததால் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைப் பக்கம் போனார்கள். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் 1966-ல் தொடங்கியது. நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் அதைச் சுற்றி ஓர் ஊர் வளர எத்தனையோ வருஷம் ஆயிற்று. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்து, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பக்கத்திலேயே கடையும் வீடுகளும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. வாசலை ஒட்டியே, கடைகளுக்கு நடுவில் ஒரு வீடு கிடைத்தால் தாராளமாக எடு. கிடைக்காவிட்டால் இருட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போகாதே. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிடு.

தூரம் ஜாஸ்தி என்று நினைப்பாய். ஆனால் பஸ்ஸுக்குள் உன்னோடு முப்பது பேர் இருப்பார்கள், இறங்குகிற இடத்தில் வெளிச்சம் இருக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்தில் இருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். மதுரை பஸ்ஸில் ஏறினால் காசு உண்டு, கிருஷ்ணன்கோவிலில் நிற்குமா என்று கேட்டு ஏறவேண்டும். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் மட்டும் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பு. சதுரகிரிக்குப் போகிற கூட்டம் வத்திராயிருப்புக்குக் கிருஷ்ணன்கோவில் வழியாகத்தான் பிரிகிறது. ஆடி அமாவாசைக்கு அந்தப் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவிலைச் சுற்றியுள்ள ரத வீதிகள், அவற்றில் இருந்து பிரிகிற தெருக்கள், கொஞ்சம் தள்ளி மடவார் வளாகம் பக்கம், இவற்றில் முதலில் தேடு. பக்திக்காகச் சொல்லவில்லை. தேர் ஓடவேண்டும் என்று அகலமாக விட்ட வீதிகள் அவை. லாரி வேகத்துக்குப் போட்ட ரோடு இல்லை, மனுஷர் கூடி நடப்பதற்காகப் போட்டது. விடியற்காலை கோவில் நடை திறக்கிற நேரத்துக்கே பூக்காரம்மா கூடையோடு உட்கார்ந்துவிடுவார். வாசல் தெளிக்கிற சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். பால்காரர் வருவார், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள். சாயங்காலம் பால்கோவா கடையில் வெளியூர்க்காரர்கள் நிற்பார்கள். இரும்புச் சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டிருக்கிறவர் ஒரு கண்ணை அடுப்பில் வைத்திருந்தாலும் தெருவில் யார் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பத்து நாளில் உன்னையும் தெரிந்துகொள்வார். ஒரு நாள் நீ வழக்கமான நேரத்துக்கு வராவிட்டால் "எங்கம்மா காணோம்" என்று கேட்க அந்தத் தெருவில் நாலு பேர் இருப்பார்கள்.

அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி 1961-ல் நகரங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். தெருவைப் பாதுகாப்பது முதலில் போலீஸ் இல்லை, அங்கே குடியிருக்கிறவர்களும் கடைக்காரர்களும் போகிற வருகிறவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என்று அதில் வாதாடுகிறார். நம் வீட்டுத் திண்ணைகள் செய்துவந்த வேலை அது. இப்போது திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் விடுகிறார்கள். திண்ணையோ வாசல்படியோ மிச்சமிருக்கிற, சாயங்காலம் அதில் யாராவது உட்காருகிற தெருவைப் பார்த்துப் பிடி. உயரமான காம்பவுண்டுச் சுவரும் இரும்புக் கேட்டும் வரிசையாக இருக்கிற தெரு பார்க்கப் பணக்காரத் தெருவாக இருக்கும். நீ கூப்பிட்டால் யார் காதிலும் விழாது.

தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கண்களே தொல்லையும் கொடுக்கும் என்பதையும் சொல்லவேண்டும். எத்தனை மணிக்கு வருகிறாள், யார் பைக்கில் இறக்கிவிட்டார்கள் என்று பேசுகிற வாய் அதே தெருவில்தான் இருக்கும். கொஞ்ச நாள் பேசும், நீ எட்டரைக்கு வருவதும் ஒரு பழக்கமாகிவிட்டால் அடங்கிவிடும். ஆனால் வீட்டுக்காரரே காவல்காரராக மாறி, விருந்தாள் வரக்கூடாது, எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டுவேன் என்று ஆரம்பித்தால் அந்த வீடு உனக்கு ஆகாது. லேபில் வேலை முடியாத நாளில் நீ பூட்டின கேட்டுக்கு வெளியே நிற்பாய். பாதுகாப்பு என்ற பெயரில் உன்னை வெளியே நிறுத்துகிற வீட்டில் என்ன பாதுகாப்பு?

இன்னொன்று. வீடு பார்க்கப் போகிற இடத்தில் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பார்கள். நேராகக் கேட்காதவர்கள் அசைவம் சமைப்பீர்களா, குலதெய்வம் எது, அப்பாவுக்கு எந்த ஊர் என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். உன் தோழி வேறு மதம் என்று சொன்னாய். அவள் பெயரைக் கேட்டதும் வீடு திடீரென்று "ஏற்கனவே பேசியாச்சு" ஆகிவிடலாம். இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ராஜபாளையத்திலும் உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு, கோயம்புத்தூரிலும் உண்டு. பொய்ப் பெயர் சொல்லியோ, அவளைக் கூட்டிப்போகாமல் நீ மட்டும் பேசியோ வீடு எடுக்காதே. இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள், இரண்டு பேர் பெயரையும் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டும் சாவியை எடுத்து நீட்டுகிற வீட்டுக்காரர் கிடைப்பார். வாடகை ஐநூறு ரூபாய் கூட இருந்தாலும் அந்த வீடுதான் உங்களுக்கு வீடு.

தெரு பிடித்துவிட்டால் வீட்டுக்குள் பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்காதே, எதிர்வீட்டு அம்மாவைக் கேள். போரில் வருவது உப்புத் தண்ணியா என்று வாயில் ஊற்றிப் பார். கரண்டுக்குத் தனி மீட்டரா என்று பார்ப்பது முக்கியம். வீட்டு இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷனை ஓட்டி, சப் மீட்டர் வைத்து, எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை என்று வாங்குகிற இடத்தில் அந்தச் சலுகை உன் கைக்கு வராது. படிக்கட்டில் லைட் எரிகிறதா, மாடிக்குப் போகும் வழி வீட்டுக்காரர் கதவைத் தாண்டியா, தனியாகவா என்பதையும் பார்.

ஒத்திக்கு மட்டும் போகாதே. வாடகையே இல்லை, மூன்று லட்சம் கொடு, காலி செய்யும்போது திருப்பித் தருகிறேன் என்பார்கள். வீட்டின் மேல் பாங்க் கடன் இருப்பது பிறகுதான் தெரியும். அந்தப் பணத்தை மீட்க அலைகிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. மாத வாடகைக்கு எடு. பதினோரு மாதம் என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் பழக்கம் இங்கே உண்டு. ஆனால் 2017-ல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. ஆகவே அந்த வரியைக் கவனித்துப் படி. சண்டை வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துகிற உரிமை வீட்டுக்காரருக்குக் கிடையாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

வீடு உடனே அமையாவிட்டால் அவசரப்படாதே. பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால் முதல் சில மாதம் அங்கே இருந்துகொண்டு தேடு. தனியார் மகளிர் விடுதி என்றால் மாவட்ட ஆட்சியர் கொடுத்த உரிமம் இருக்கிறதா என்று கேள். பெண்கள் விடுதிகளுக்கான 2014-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது கட்டாயம். சுவரில் மாட்டியிருக்கவில்லை என்றால் எடுத்துக் காட்டச் சொல்.

தெருநாயைப் பற்றி உன் அம்மாதான் எழுதச் சொன்னாள். இரவு ஒன்பதுக்கு மேல் சந்துக்குள் கூட்டமாகப் படுத்திருக்கும், ஓடாதே, மெதுவாக நட. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடவேண்டும். அவசர உதவிக்கு 112-ம், பெண்கள் உதவிக்கு 181-ம் போனில் இருக்கட்டும்.

லீவு நாளில் தோழிகள் அய்யனார் கோவிலுக்குக் குளிக்கப் போகலாம் என்று கூப்பிடுவார்கள். எங்கள் முடங்கியார் ரோட்டிலேயே நேராக மேற்கே போகவேண்டும். ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஆறாவது மைல் நீர்த்தேக்கம் அந்த வழியில்தான் இருக்கிறது. நீர் காத்த அய்யனார் இருக்கிற இடம் காட்டுக்குள், வனத்துறைப் பொறுப்பில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கீழே வெயில் அடிக்கும்போதே மலை மேல் மழை கொட்டும். கணுக்கால் அளவு ஓடின ஆறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிவிடும். கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டு, தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டிக் கூட்டிவருவது உண்டு. வனத்துறை போகக்கூடாது என்று சொன்ன நாளில் வேறு வழி தேடாதீர்கள். மற்ற நாளில் போகும்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், திரும்பும்போது ஈரத்துணி மாற்றிக்கொள்ளவும் இடம் இருக்கும்.

அந்தப் புது வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் உடனே திருப்பிக் கேள். எப்படி இருந்தாலும் வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறு. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியில் இருந்து எட்டரை வரை ரத வீதிகளை நாம் மூவரும் நடந்தே பார்ப்போம், உன் தோழியையும் கூட்டி வா. எந்த வீடு பிடித்தாலும் கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா