அடிக் கவர்ல எத்தனை கிளிப்?

ஆயில் சர்வீஸ் முடிஞ்சு வந்த மூணாம் நாளே, வண்டிக்கு அடியில என்னமோ தடதடன்னு அடிக்குதுன்னு போன் பண்ணினியே, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுடி. முன் பம்பருக்குக் கீழ குனிஞ்சு பாரு. கறுப்பா ஒரு பிளாஸ்டிக் தகடு ஒரு ஓரமா தொங்கிட்டிருக்கும். அதுதான் அண்டர் கவர். வேகமா போறப்போ காத்து புகுந்து அதைப் படபடன்னு அடிக்குது.

நிறைய கார்ல டிரெயின் போல்ட்டைத் தொடணும்னா இதைக் கழட்டியாகணும். கழட்டும்போது போல்ட்டும் கிளிப்புமா எட்டு பத்து வரும். மாட்டும்போது நாலுதான் ஏறும். மீதி ஷெட்டு மண்ணுல கிடக்கும். என் பழைய வண்டியில மூணு சர்வீஸுக்கு அப்புறம் ரெண்டே போல்ட்டு மிச்சம். ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல கவரே கிழிஞ்சு ரோட்டுல இழுத்துட்டே வந்துச்சு. "இது இல்லாமலே ஓடும் மேடம், தூக்கிப் போட்டுடலாம்"னாரு மெக்கானிக். ஓடும்தான். மழை நாள்ல சேத்துத் தண்ணி நேரா பெல்ட்டுலயும் ஆல்டர்நேட்டர்லயும் அடிக்குமே! நான் புதுசு வாங்கித்தான் மாட்டினேன்.

அதனால சர்வீஸுக்கு வண்டியை விடறதுக்கு முன்னாடி போனைத் தரையோட வச்சு அடிப்பக்கம் நாலு போட்டோ எடுத்துக்கோ. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை எடு. எண்ணிக்கை குறைஞ்சா அங்கேயே கேளு, வீட்டுக்கு வந்து கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

கிளிப்பை நெம்பி உடைக்காதே. பெரும்பாலும் நடுவுல ஒரு ஊசி இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரால அதை மட்டும் மெல்லத் தூக்கினா மொத்தமும் கழண்டு வரும். மாட்டறப்போ ஊசி தூக்கினபடியே ஓட்டையில செருகி, அப்புறம் ஊசியை அமுக்கு. சிலதுல ஊசியை உள்ள அமுக்கினாத்தான் கழலும், பாத்துக்கோ. பிடிப்பு போன கிளிப்புக்கு மாத்து வாங்கும்போது பழசு ஒண்ணைக் கையோட கொண்டு போ, ஒரு வண்டியோடது இன்னொண்ணுக்குச் சேராமப் போகலாம். போல்ட்டா இருந்தா முதல் நாலு சுத்து கையாலதான். எடுத்த உடனே மெஷினை வச்சா மரை போயிடும்.

வழியில கவர் தொங்கினா கேபிள் டை போட்டுக் கட்டறது வீடு வந்து சேர்ற வரைக்கும் சரி. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்துல கட்டினா அதுவும் உருகிடும்.

இன்னொரு விஷயம், இதைத்தான் யாரும் சொல்றதில்ல. ஆயில் மாத்தும்போது கவர்ல சிந்தினதைத் துடைக்காம விட்டா ஒரு வாரம் சொட்டும். நீ லீக்குன்னு பயந்துடுவே. நிஜ லீக்கோ, கவர் மேலேயே தேங்கித் தரையைச் சுத்தமாக் காட்டும். அதனால தரையை நம்பாம மாசம் ரெண்டு தடவை டிப் ஸ்டிக்கைப் பாரு. சில வண்டியில கவர் கம்பளி மாதிரி இருக்கும். அது ஆயிலைக் குடிச்சு ஊறிப்போச்சுன்னா மாத்திடு. சூடான குழாய் பக்கத்துல ஆயில் நனைஞ்ச துணி இருக்கிற மாதிரிதான் அது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுத்தே, அப்பாகிட்டயே சொல்லிடுவேன். ஸ்டாண்டு இல்லேன்னா தொடாதே, ஷெட்டுக்குப் போ.

என் டேஷ்போர்டுல ஒரு பை நிறைய கிளிப் கிடக்கு. ஞாயித்துக்கிழமை வர்றப்போ கொண்டு வரேன், உன் வண்டிக்கு எது சேருதுன்னு வச்சுப் பாப்போம்.